துறைமுக ஓவியத்துக்கு விலை மதிப்பிட

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கிளாஸ்டர், ராக்போர்ட் துறைமுகங்களில் கட்டிக் கிடக்கும் மீன்பிடிக் கப்பல்கள் இம்ப்ரெஷனிச ஓவியர்களுக்குப் பிடித்த காட்சி. அவர்களில் எமில் குருப்பே (1896–1978) வரைந்தவற்றுக்கு இன்றும் கிராக்கி உண்டு. ஆனால் அங்கே ஓவியம் கற்க வந்த மாணவர்களும் அதே காட்சியைத் தீட்டித் தள்ளியிருக்கிறார்கள்.

அதனால் கையில் உள்ளது யாருடையது என்று அறிய, முதலில் படத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். கித்தானின் பழுப்பு, ஆணிகள், கண்காட்சிச் சீட்டு ஆகியவை முன்பக்கத்தைவிட அதிகம் சொல்லும். பூதக்கண்ணாடியில் சீரான புள்ளிகள் தெரிந்தால் அது அச்சுப்படம். கையெழுத்தின் வண்ணம் பழைய வெடிப்புகளுக்குள் இறங்கியிருந்தால், பின்னாளில் யாரோ போட்டதென்று சந்தேகிக்கலாம். புற ஊதா விளக்கில் பிற்காலத் திருத்தங்கள் பெரும்பாலும் கருந்திட்டாகத் தெரியும். சட்டத்தை விட்டுவிட்டு அளவெடுத்து, அதே ஓவியரின் அதே அளவுப் படம் ஏலத்தில் போன விலையோடு ஒப்பிட வேண்டும். கடைக்காரர் கேட்கும் விலை கணக்கில் சேராது. அழுக்கை ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. வண்ணம் உரிந்தால் மதிப்பும் குறையும்.