விரிவுரையைக் கேட்பது எப்படி?



பன்னிரண்டாம் வகுப்பை முடித்து, ரெட்டியார்சத்திரத்தில் பஸ் ஏறித் திண்டுக்கல் மகளிர் கல்லூரிக்கோ, 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான காந்திகிராமத்துக்கோ செல்லும் மாணவி, முதல் மாதத்தில் திகைப்பது இயல்பே. தமிழ் வழியில் பயின்றவர் சிலர் 'நமக்கு ஏறாது' என்று படிப்பையே விட்டுவிட எண்ணுகின்றனர். அவர்களை அச்சுறுத்துவது பெரும்பாலும் பாடமன்று, ஆங்கிலச் சொற்களே.

'பவர்' என்னும் சொல்லைப் பாருங்கள். இயற்பியலில் அது திறன். ஒரு நொடியில் செய்யப்படும் வேலை. கணிதத்தில் அடுக்கு, 2இன் மூன்றாம் அடுக்கு 8. அரசியல் அறிவியலில் அதிகாரம். 'செல்' என்பது உயிரியலில் உயிரணு, வேதியியலில் மின்கலம். ஒரு துறையின் பொருளை மற்றொன்றில் பொருத்தினால் விரிவுரை முழுவதும் குழம்பிவிடும்.

ஆகவே, ஒரு சிறு குறிப்பேடு வையுங்கள். ஆங்கிலச் சொல், துறை, தமிழ்ச் சொல் என மூன்று பத்தி போதும். தமிழ்ச் சொற்கள் பெரும்பாலும் உங்கள் பழைய பாடநூலிலேயே உள்ளன. மறுநாள் பாடத்தை முன்னிரவே ஒருமுறை படியுங்கள். அறிவியல் வகுப்பில் படிகளின் வரிசையையும், வரலாறு, பொருளியல் வகுப்புகளில் 'ஏன்' என்பதற்கான காரணங்களையும் குறியுங்கள். சொல்வதனைத்தையும் எழுத முயலாதீர்கள். அன்று மாலையே ஐந்தாறு வரிகளில் தமிழில் சுருக்கி எழுதுங்கள். எழுத வராத இடமே புரியாத இடம். அதை மறுநாள் ஆசிரியரிடம் கேளுங்கள்.

1960இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழ் வழிப் பட்ட வகுப்பு தொடங்கியது. தமிழில் உயர்கல்வி இயலும் என்பதற்கு அது சான்று. தமிழில் கற்றது குறையன்று, தோழியரே. அதுவே நம் கைமுதல்!