தூது சொல்வோர்க்கும் தேர்வு வேண்டும்

கண்ணைப் பெயர்த்து அப்பிய கண்ணப்பர் கதையையும், புறாவுக்காகத் தன் தசையை அரிந்து கொடுத்த சிபியின் கதையையும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அக்கதைகளில் கொடுப்பவர் தாமே முன்வந்து கொடுத்தார். பெறுபவரும் எதிரே இருந்தார். இன்றைய உறுப்புக் கொடை அத்தகையதன்று. கொடுப்பவர் பேச இயலாதவர். பெறுபவர் இன்னாரென்று கொடுப்பவரின் குடும்பத்துக்குத் தெரியாது. இவ்விருவருக்கும் இடையே நின்று பேச மூன்றாமவர் ஒருவர் வேண்டியிருக்கிறது. அவருக்கு உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் என்று பெயர். அவர் எத்தகைய தகுதி உடையவராய் இருத்தல் வேண்டும், அத்தகுதியை யார் சோதித்துச் சான்று அளிப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இப்பொருளை நான் நூலில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஓரிரவு, தமிழ் தெரிந்தவர் ஒருவர் உடனே வேண்டும் என்று இந்நகரத்து மருத்துவமனை ஒன்றிலிருந்து விடுதி நண்பர் வழியாக எனக்கு அழைப்பு வந்தது. கட்டட வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் சாரத்திலிருந்து தவறி விழுந்திருந்தார். தாயும் தம்பியும் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் உட்கார்ந்திருந்தனர். அங்கிருந்த அலுவலர் நல்லவர்தாம். ஆனால் அவருக்குத் தமிழ் வராது, நேரமும் இல்லை. “மூளைச்சாவு ஏற்பட்டுவிட்டது, கருவியால்தான் மூச்சு ஓடுகிறது, சிறுநீரகமும் கல்லீரலும் கொடுக்கச் சம்மதமா என்று கேளுங்கள்” என்றார். நானும் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அந்தத் தாய் என்னை நிமிர்ந்து பார்த்தார். “மூளைதானே போச்சு தம்பி? நெஞ்சு ஏறி எறங்குதே, கை சூடா இருக்குதே, எம்புள்ள செத்துட்டான்னு எப்படிச் சொல்றே?” என்று கேட்டார். உயிர்வேதியியலில் மேற்பட்டம் பயிலும் எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. தம்பி கேட்டது இன்னும் கடுமை: “கிட்னி வேணும்னுதான் செத்துட்டான்னு சொல்றீங்களா சார்?” அவர்கள் மறுத்துவிட்டனர். மறுத்தது அவர்கள் உரிமை. அதை நான் குறை கூற மாட்டேன். ஆனால் நன்கு விளங்கிக்கொண்டு மறுத்தார்களா, என் நாக்கின் பிழையால் மறுத்தார்களா என்னும் ஐயம் இன்றும் என்னை விட்டு நீங்கவில்லை.

அந்தத் தாயின் வினாவுக்குரிய விடையை முதலில் காண்போம். நம் மூச்சை இயக்கும் மையம் மூளையின் அடிப்பகுதியாகிய மூளைத்தண்டில் இருக்கிறது. தலையில் பலத்த அடி பட்டால் மூளை வீங்குகிறது. மண்டையோடு விரிந்து கொடுக்காத பெட்டி; ஆகவே உள்ளே அழுத்தம் ஏறி, மூளைக்குள் இரத்தம் புகாமலே நின்றுவிடக்கூடும். அவ்வாறு நின்றால் மூளையும் மூளைத்தண்டும் மீளாதபடி அழிகின்றன. இதயத்தின் நிலை வேறு. அதன் துடிப்பைத் தொடங்கிவைக்கும் கணு இதயத்திற்குள்ளேயே இருக்கிறது. பிராணவாயு கிடைக்கும் வரையில் மூளையின் கட்டளையின்றியே அது துடிக்கும். கருவி காற்றைச் செலுத்துகிறது, மார்பு ஏறி இறங்குகிறது, இதயம் துடிக்கிறது, கை சூடாக இருக்கிறது. ஆனால் அந்த மனிதர் இறந்துவிட்டார். ஆழ்ந்த மயக்கத்தில் கிடப்பவர் மீளக்கூடும். மூளைச்சாவு அடைந்தவர் மீண்டதில்லை.

‘மூளைச்சாவு’ என்ற சொல்லே பாமரரை மருட்டுகிறது. மூளை மட்டும் இறந்தது, ஆள் இருக்கிறார் என்று அதற்குப் பொருள் கொள்ள இடமுண்டு. ‘உயிர் காக்கும் கருவி’ என்ற தொடரோ அதனினும் தீது. உயிரே இல்லாதபோது கருவி எதனைக் காக்கிறது? பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர் இச்சொற்களைக் கையாளமாட்டார். “உங்கள் மகன் இறந்துவிட்டார்; மூச்சு அவருடையதன்று, கருவியினுடையது” என்று முதலில் சொல்வார். சொல்லிவிட்டு அமைதியாக இருப்பார். அழுகைக்கு நேரம் விடுவார். இறப்பு உறுதியென்று குடும்பத்தார் உணர்ந்ததைத் தெரிந்துகொண்ட பின்னரே கொடையைப் பற்றிப் பேசுவார். இறப்புச் செய்தியும் வேண்டுகோளும் தனித்தனியே வர வேண்டும் என்பது இத்துறையின் முதற் பாடம். அன்றிரவு நான் பிழைத்த பாடமும் அதுவே.

இனித் தம்பியின் ஐயத்திற்கு வருவோம். அதனை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. 1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் சென்னையிலும் பெங்களூரிலும் ஏழைகளின் சிறுநீரகம் விலைக்கு வாங்கப்பட்டது. சென்னை வில்லிவாக்கத்துக்கு ‘கிட்னிவாக்கம்’ என்ற இழிபெயரே வழங்கிற்று. அவ்வாணிகத்தைத் தடுக்கவும், மூளைச்சாவைச் சட்டப்படி இறப்பாக ஏற்கவும் 1994இல் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின்படி நான்கு மருத்துவர் கையெழுத்திட வேண்டும்: மருத்துவமனையின் பொறுப்பு மருத்துவர், சிகிச்சை அளித்தவர், நரம்பியல் துறை வல்லுநர், அங்கீகரிக்கப்பட்ட பட்டியலிலிருந்து வரும் தனி வல்லுநர் ஆகியோர். உறுப்பு மாற்று அறுவையில் ஈடுபடுவோர் எவரும் இவர்களுள் இருத்தல் கூடாது. சோதனைகள் குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரு முறை நடைபெற வேண்டும்.

சோதனைகளும் எளியவை அல்ல. கண்ணில் ஒளி பாய்ச்சினால் பாவை சுருங்குகிறதா, காதில் குளிர்நீர் செலுத்தினால் விழி அசைகிறதா, தொண்டையைத் தொட்டால் இருமல் எழுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். இறுதியில், பிராணவாயு குறையாதபடி பார்த்துக்கொண்டு மூச்சுக்கருவியைச் சில நிமிடம் நீக்கிவைக்கிறார்கள். இரத்தத்தில் கரியமில வாயுவின் அழுத்தம் 60 மில்லிமீட்டருக்கு மேல் ஏறினால், உயிருள்ள மூளைத்தண்டு மூச்சை இழுத்தே தீரும். இழுக்கவில்லையெனில் அது செயலிழந்துவிட்டது என்பது உறுதி. இவ்வளவு காவல் இருப்பதை அந்தத் தம்பிக்கு யாரேனும் பத்து நிமிடம் பொறுமையாகச் சொல்லியிருந்தால், அவர் ஐயம் தீர்ந்திருக்கவும் கூடும்.

இறப்பை உறுதி செய்ய நான்கு கையெழுத்துக் கேட்கும் சட்டம், அதனை எடுத்துச் சொல்பவரைப் பற்றி என்ன கூறுகிறது? தொடக்கத்தில் ஒன்றும் கூறவில்லை. 2011ஆம் ஆண்டுத் திருத்தம்தான் ஒருங்கிணைப்பாளரை நியமிக்காத மருத்துவமனையைப் பதிவு செய்யலாகாது என்றது. 2014ஆம் ஆண்டு விதிகள் அவருக்குரிய தகுதியை வகுத்தன. அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ முறை ஒன்றில் பட்டம் பெற்றவர், அல்லது செவிலியர், அல்லது ஏதேனும் ஒரு பாடத்தில் இளநிலைப் பட்டம் பெற்றவர் இப்பணிக்கு வரலாம். சமூகப்பணி, சமூகவியல், பொதுச் சுகாதாரம் முதலியவற்றில் முதுநிலைப் பட்டம் இருப்பது விரும்பத்தக்கது. தொடக்கப் பயிற்சியும் பின்னர் அவ்வப்போது மறுபயிற்சியும் தரப்படல் வேண்டும். ஆனால் பயிற்சி பெற்றவர் தேறினாரா என்று காணும் பொதுத் தேர்வு ஒன்றையும், குறித்த காலத்தில் புதுப்பிக்க வேண்டிய சான்றிதழையும் விதிகள் வற்புறுத்தவில்லை.

மற்ற நாடுகள் எவ்வாறு செய்கின்றன? அமெரிக்காவில் இதற்கெனச் சான்றளிப்பு வாரியம் ஒன்று 1988இல் ஏற்பட்டது. கொடை பெறும் பணியில் உள்ளோர், உறுப்பு பெற்ற நோயாளியைப் பேணுவோர், எடுத்த உறுப்பைப் பாதுகாப்போர், செவிலியர் ஆகியோருக்குத் தனித்தனித் தேர்வுகளை அது நடத்துகிறது. பெற்ற சான்றிதழ் மூன்றாண்டுக்குத்தான் செல்லும். பின்னர்ப் புதுப்பிக்க வேண்டும். ஸ்பெயின் நாட்டில் 1989இல் தேசிய உறுப்பு மாற்று அமைப்பு நிறுவப்பட்டது. டாக்டர் ரஃபாயேல் மத்தேசான்ஸ் என்பவர் தலைமையில் மருத்துவமனைதோறும் ஒருங்கிணைப்பாளர் அமர்த்தப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் தீவிர சிகிச்சை மருத்துவர்கள். 1991 முதல் பார்சிலோனாவில் இதற்கெனப் பயிற்சி வகுப்புகளும் நடந்து வருகின்றன. 1989இல் அந்நாட்டில் பத்து லட்சம் பேருக்குச் சுமார் 14 ஆக இருந்த இறந்தோர் கொடை, அண்மை ஆண்டுகளில் 40ஐக் கடந்துவிட்டது. நம் நாட்டில் அவ்வெண் இன்னும் 1ஐ எட்டவில்லை. பயிற்சி ஒன்றினாலேயே அந்த உயர்வு வந்ததென்று நான் வாதிடவில்லை; படுக்கைகளும் பணமும் ஒழுங்கும் அங்கு உண்டு. ஆயினும் பேசத் தெரிந்தவரைக் கற்பித்து உருவாக்க முடியும் என்பதை அந்நாடு காட்டிவிட்டது.

நம் நாட்டிலும் முயற்சி இல்லாமல் இல்லை. 1997இல் சென்னையில் டாக்டர் சுனில் ஷ்ராஃப் தோற்றுவித்த மோகன் அறக்கட்டளை ஒருங்கிணைப்பாளர்களைப் பயிற்றுவித்து வருகிறது. கர்நாடகத்தில் இறந்தோர் உறுப்புக் கொடையை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பு ‘ஜீவசார்த்தகதே’. இத்தகைய அமைப்புகள் ஒன்றுகூடி நாடு முழுமைக்கும் ஒரே தேர்வை வகுப்பது இயலாத காரியமன்று.

“இரக்கத்தைச் சான்றிதழால் உண்டாக்க முடியுமா?” என்று சிலர் கேட்கலாம். முடியாதுதான். ஆனால் செவிலியருக்கு 1947ஆம் ஆண்டுச் சட்டமும், மருந்தாளருக்கு 1948ஆம் ஆண்டுச் சட்டமும் தகுதியை வகுத்துள்ளன. காய்ச்சலுக்கு மாத்திரை எடுத்துத் தருபவருக்குப் பதிவு வேண்டும் என்கிறோம். மகனை இழந்த தாயிடம் அவன் இதயத்தைக் கேட்கச் செல்பவருக்கு வேண்டாமா? தூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். தூதுவனாக விரும்பினால் மட்டும் போதாது, அதற்குரிய இலக்கணங்கள் உண்டு என்பது அதன் கருத்து.

அத்தேர்வில் என்னென்ன இடம்பெற வேண்டும்? மூளைச்சாவின் விஞ்ஞானம் வேண்டும், சட்டம் வேண்டும். இதயத்தை வெளியே எடுத்த பின் ஏறக்குறைய 4 மணி நேரத்திற்குள் பொருத்தியாக வேண்டும், சிறுநீரகம் ஒரு நாள் வரை தாங்கும் என்பன போன்ற கால அளவைகளும் வேண்டும். இவை தாளில் எழுதக்கூடியவை. துயருற்ற குடும்பத்தின் முன் நின்று பேசுவதை நேரில் நடத்திக் காட்டச் செய்து சோதிக்க வேண்டும். ‘மாட்டோம்’ என்ற விடையை முகம் கோணாமல் ஏற்று, உடலை ஒப்படைக்கும் வரை உடனிருந்து உதவுகிறாரா என்பதையும் பார்க்க வேண்டும். பெங்களூர் போன்ற நகரில் இன்னொன்றும் வேண்டும்: மொழி. கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது, மலையாளம் எனப் பல மொழியார் வாழும் ஊர் இது. ஒருங்கிணைப்பாளர் எல்லா மொழியும் அறிந்திருக்க இயலாது. ஆகவே மொழிபெயர்ப்பவருக்கும் ஒரு சிறு பயிற்சியும் சான்றும் இருத்தல் நலம்.

இந்நகரம் கொடைக்குப் புதியதன்று. நடிகர் ராஜ்குமார் 2006இல் மறைந்தபோது அவர் கண்கள் தானமாயின. 2021 அக்டோபரில் அவர் மகன் புனித் மறைந்தபோது அவர் கருவிழிப் படலம் நால்வருக்குப் பார்வை தந்தது. அதே ஆண்டு ஜூனில், விபத்தில் மூளைச்சாவுற்ற நடிகர் சஞ்சாரி விஜயின் உறுப்புகளைக் குடும்பத்தார் கொடுத்தனர். 2008இல் சென்னையில் மூளைச்சாவுற்ற சிறுவன் ஹிதேந்திரனின் இதயம் பெங்களூர்ச் சிறுமி ஒருத்திக்குப் பொருத்தப்பட்டது. 2014 செப்டம்பரில் பெங்களூர்ப் பெண்மணி ஒருவரின் இதயம் விமானமேறிச் சென்னை சென்றது. ஆற்று நீருக்காக இரு மாநிலமும் வழக்காடும் காலத்திலேயே இதயங்கள் எல்லை கடந்து சென்றிருக்கின்றன. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் ஒரு குடும்பத்தின் அருகில் அமர்ந்து பேசியிருக்கிறார். அவர் பெயர் செய்தியில் வருவதில்லை.

மன்றத் தோழர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. எப்பாடத்தில் பட்டம் பெற்றாலும் இப்பணிக்குக் கதவு திறந்திருக்கிறது. வேலை தேடுவோர் இதனையும் எண்ணிப் பாருங்கள். அடுத்து, மருத்துவமனைக்கு மொழிபெயர்க்கச் செல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது நல்ல வழக்கம், விடவேண்டாம். ஆனால் மூச்சுக்கருவி, மூளைத்தண்டு, இறப்புச் சோதனை முதலியவற்றை எளிய பேச்சுத் தமிழில் எப்படிச் சொல்வது என்று ஒரு சிறு கையேட்டை, மருத்துவர் ஒருவர் பார்த்துத் திருத்த, நாமே ஆக்கிக்கொள்வோம். அதன் முதற் பக்கத்தில் அந்தத் தாயின் கேள்வியை எழுதி வைத்திருக்கிறேன். அதற்கு நான் எழுதிய விடையை இப்போது நான்காம் முறையாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.