ஈயம் சுற்றிய இறகுத் தூண்டிலை இழுக்கும் முறை

முடிச்சூர்ப் பக்கத்து ஏரிகளில் தூண்டிலால் விரால் பிடிக்க விரும்பும் அங்கத்தினர்கள் தவளையைத் தேடி அலைய வேண்டுவதில்லை. முள்ளில் சிறு மீன்போல் இறகு கட்டித் தலைப்பக்கம் ஈயம் சுற்றினால் அதுவே இரையாகும். ஆனால் எறிவது பாதி வேலையே. இழுக்கும் வகை அறியாதார் நாள் முழுதும் எறிந்தும் வெறுங்கையோடு திரும்புவர்.

ஈயம் தலையில் இருப்பதேன்? நூலை இழுத்தால் இரையின் தலை நிமிர்ந்தெழும். நிறுத்தினால் கவிழ்ந்து தாழும். காயமுற்ற சிறு மீனின் நடை இதுவே. ஒரே வேகத்தில் இழுப்பவருக்கு ஈயத்தால் பயனில்லை.

இரை ஜலத்தில் விழுந்ததும் மனத்துள் எண்ணுக. பத்து எண்ணுமுன் அடியைத் தொட்டுப் பாசியோடு வருமாயின், மறுமுறை எட்டிலேயே இழுக்கத் தொடங்குக. கோலின் நுனி ஜலத்தை ஒட்டி, இரையின் திசையை நோக்கியிருத்தல் வேண்டும். நுனி உயர்ந்தால் நூல் தொய்யும். மீன் கவ்வுவது கைக்குத் தெரியாது. கோல் பிடித்த கையின் ஆட்காட்டி விரலடியில் நூலை அடக்கி, மற்றைக் கையால் ஒரு சாண் இழுத்து நிறுத்துக. பின் அரைச் சாணாக இருமுறை இழுத்து, மறுபடி நிறுத்துக. கலங்கல் ஜலத்தில் நிதானமும், தெளிந்த ஜலத்தில் விரைவும் தகும். மீன் பின்தொடர்வதைக் கண்டதும் மனமிரங்கினவர்போல் வேகத்தைக் குறைப்பார் அனேகர். துரத்தப்படும் சிறு மீன் காத்து நிற்குமா? விரைந்து இழுக்க வேண்டும்.

மீன் கவ்வுவது பெரும்பாலும் இரை தாழும்போதே. நூல் பக்கமாக நகர்ந்தாலும், தாழ்வது நடுவில் நின்றாலும் மீனென்றே கொள்க. அப்போது கோலைத் தூக்கலாகாது. கோல் வளைந்து விசையைத் தின்றுவிடும், விராலின் வாயோ கடினம். நூலையே கையால் நேரே சுண்டி இழுக்க வேண்டும். தவறினும் இரை மீனின் அருகிலேயே இருக்கும்.

ஏரிகளில் தூண்டில் போடுவதைப்பற்றிச் சென்னை மாகாண உத்தியோகஸ்தரான எச். எஸ். தாமஸ் 1887-ல் தனி நூலே வெளியிட்டார். கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் குறித்து 1895-லும் 1897-லும் அறிக்கை எழுதிய சர் பிரடரிக் நிகல்சனே, 1907-ல் தொடங்கிய மாகாண மீன் துறையையும் நடத்தியவர் என்பது நம்மவர் அறியத்தக்கது.

நிற்க, மழைக்காலத்தில் சிவந்த விரால் குஞ்சுகள் ஜலத்தின் மேற்பரப்பில் திரளும். கீழே பெரிய விரால் காவல் நிற்கும். அத்திரளினூடே இரையை இழுத்தால் காவல் மீன் பசியில்லாமலே பாயும். இதைக் கெட்டித்தனமென்பாருடன் எனக்கு உடன்பாடில்லை. காவல் போனால் குஞ்சுகளை மற்ற மீன்களும் பறவைகளும் தின்று தீர்க்கும்; மீன் குத்தகை சங்கத்தினுடையதாயின் நஷ்டமும் சங்கத்தினுடையதே. குஞ்சுத் திரள் கண்ணிற்பட்டால் நூலைச் சுருட்டிக்கொண்டு வேறு கரைக்குச் செல்க.