ஏரிச் சேற்றில் பூந்தாது

பழவேற்காட்டு ஏரியை அடுத்த நிலங்களில் கிணறு வெட்டும்போது, சிற்சில இடங்களில் மணலுக்குக் கீழே கரிய சேறும், அதனிடையே கிளிஞ்சல் ஓடுகளும், மக்கிய வேர்த்துண்டுகளும் வெளிப்படுவதுண்டு. கடலினின்று பல மைல் தள்ளிய நிலத்தில் இவை வந்த வரலாற்றை அச்சேற்றிலுள்ள பூந்தாதுக்களே அறிவிக்கின்றன.

பூர்வகாலத்துக் காடுகளை அறிவதற்கு வழிகள் பல. குங்கிலியம் போன்ற பிசின் மரத்தினின்று வடியும்போது பூவோ, எறும்போ அதில் அகப்பட்டு, பிசின் நாளடைவில் கல்போல் இறுகி அம்பர் ஆவது ஒன்று. குஜராத்தில் சூரத்தை அடுத்த வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்து அம்பர் ஏறத்தாழ 5 கோடி ஆண்டு வயதுடையது. அது குங்கிலிய மரக் குடும்பத்தின் பிசினே என்று 2010இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. அப்பகுதியில் அன்று மழைக்காடு செழித்திருந்தது இதனால் விளங்கும். பழவேற்காட்டுச் சேறோ சில ஆயிரம் ஆண்டு வயதினதே. அம்பர் உண்டாக அக்காலம் போதாது. அங்கே அம்பரின் வேலையைப் பூந்தாது செய்கிறது.

பூவிதழ் சில நாளில் அழுகிவிடும். பூந்தாதின் மேலோடு, காற்றுப் புகாத சேற்றில் புதையுமாயின், ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கெடாது. ஆராய்ச்சியாளர் நீண்ட குழாயை நிலத்தில் இறக்கி, அடுக்குக் குலையாமல் மண்ணை எடுப்பர். கடுந்திராவகத்தால் மணலைக் கரைத்து, எஞ்சிய தாதுக்களைப் பூதக்கண்ணாடிக் கருவியில் எண்ணுவர். தாதின் வடிவும், அதன் மேலுள்ள துளையும் வரியும் மரத்துக்கு மரம் வேறுபடும். அடுக்கின் வயது அதிலுள்ள கரியைக்கொண்டு கணிக்கப்படும்.

இம்முறையில் அஞ்சும் பரூக்கி, ஜி. ஜி. வாஸ் ஆகிய இருவர் பழவேற்காட்டுப் பகுதியை ஆராய்ந்து 2000இல் முடிவுகளை வெளியிட்டனர். சுமார் 6,600 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைய கரைக்கு மேற்கே நெடுந்தூரம் ஏறியிருந்ததும், இப்போது வயலாயுள்ள இடங்களில் கண்டற்காடு அடர்ந்திருந்ததும் தெரியவந்தன. இக்காலத்தில் ஏரியோரம் எஞ்சியிருப்பது ஆங்காங்கே சிறு சிறு கண்டல் திட்டுக்களே. இறால் குஞ்சுகள் ஒதுங்கி வளரும் இடம் கண்டல் வேர்களாதலால், கோட்டைக்குப்பம், கூனங்குப்பம் முதலிய குப்பத்தாருக்கு இது வெறும் பழங்கதையன்று.

தாதுக் கணக்கை அப்படியே மரக்கணக்காகக் கொள்ளலாகாது. சுரபுன்னை தாதை மிகுதியாகக் காற்றில் விடும். வெண்கண்டல் அவ்வாறு விடுவதில்லை. ஆகவே பின்னதன் தாது சிறிதே கிடைப்பினும் மரங்கள் அருகிலேயே இருந்தன என்று கருத இடமுண்டு. நெல்லின் தாதையும் காட்டுப்புல்லின் தாதையும் பிரித்தறிவதும் எளிதன்று. இப்பகுதியில் உழவு தொடங்கிய காலத்தைத் தாது ஒன்றைக்கொண்டே துணிவது கூடாது.

குடியானவர் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்றுண்டு. பழைய கண்டற்சேற்றில் இரும்பும் கந்தகமும் கூடிய பொருள் தங்கியிருப்பதுண்டு. நீருக்கடியில் இருக்கும்வரை அதனால் தீங்கில்லை. வெளியே வாரிப்போட்டால் காற்றுப் பட்டுக் கந்தகத் திராவகமாக மாறிப் பயிரைக் கருக்கும். கரிய நிறத்தைக் கண்டு நல்ல வண்டலென்று எண்ணி வயலில் பரப்புவது ஆபத்து. ஒரு கூடைச் சேற்றை முதலில் தனியே கொட்டி, ஈரம் முற்றும் வற்றாதபடி சில வாரங்கள் காற்றில் விட்டுவைக்கவேண்டும். வைக்கோல் நிறப் பொட்டுக்கள் தோன்றினாலோ, நீலச் சோதனைக் காகிதம் சிவந்தாலோ, அச்சேற்றை வெட்டிய குழியிலேயே இட்டு நீர் நிற்கும்படி மூடிவிடுவது நலம். ஐயமுள்ளவர்கள் வெட்டிய ஆழத்தையும் சர்வே எண்ணையும் குறித்து, மாதிரியை மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பலாம்.