செய்முறைப் பாடம்: திட்டக் கரைசலும் தரம் பார்த்தலும்



மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் 11ஆம் வகுப்பு வேதியியலில், ஆக்சாலிக் அமிலத் திட்டக் கரைசல் தயாரித்து அதைக்கொண்டு சோடியம் ஹைட்ராக்சைடின் செறிவைக் காணும் சோதனை உண்டு. தில்லியில் பல ஆண்டுகள் இதைக் கற்பித்த என்னிடம் நம்மவர்கள் சொல்வது: "நாங்கள் தமிழ் வழியில் படித்தவர்கள் சார், பிள்ளைக்கு எப்படிச் சொல்லித் தருவது?" நீங்கள் தரம் பார்த்தல் என்று படித்ததைத்தான் பிள்ளைகள் டைட்ரேஷன் என்று படிக்கிறார்கள். சோதனை ஒன்றே. தயங்காமல் உடன் உட்காருங்கள்.

செறிவு துல்லியமாகத் தெரிந்த கரைசலே திட்டக் கரைசல். சோடியம் ஹைட்ராக்சைடையே நேராக நிறுத்துக் கரைத்துவிடலாமே, ஆக்சாலிக் அமிலம் எதற்கு? சோடியம் ஹைட்ராக்சைடு காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும். கரியமில வாயுவையும் ஏற்கும். நிறுக்கும்போதே எடை மாறும். ஆக்சாலிக் அமிலப் படிகமோ தூய்மையாகக் கிடைக்கும். சாதாரணமாகக் காற்றில் மாறாது. நம்பத் தகுந்ததை வைத்துத்தான் மற்றதை அளக்க வேண்டும்.

தயாரிக்கும் முறை: படிக நீருடன் சேர்த்து ஆக்சாலிக் அமிலத்தின் மூலக்கூறு எடை 126. 0.1 மோலார் கரைசல் 250 மி.லி. வேண்டுமானால் 0.1 × 126 × 0.25 = 3.15 கிராம். இதை நிறுத்து, பீக்கரில் சிறிது வாலை வடிநீரில் கரைத்து, புனல் வழியாக 250 மி.லி. திட்டக் குடுவையில் ஊற்றுக. பீக்கரையும் புனலையும் இரண்டு மூன்று முறை கழுவி அந்த நீரையும் குடுவையிலேயே சேர்க்க வேண்டும். பீக்கரில் ஒட்டியதை விட்டுவிட்டால் கரைசல் 0.1 மோலார் ஆகாது. கடைசியில் சொட்டுச் சொட்டாக நீர் விட்டுக் கோடு வரை நிரப்பி, மூடி, நன்கு குலுக்குக.

தரம் பார்த்தல்: பியூரெட்டை சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலாலும், பிப்பெட்டை அமிலத்தாலும் அலசுக. கூம்புக் குடுவையை மட்டும் நீரால்தான் கழுவ வேண்டும். அமிலத்தால் அலசினால் குடுவையில் ஒட்டியதும் கணக்கில் சேர்ந்துவிடும். பிப்பெட்டில் 10 மி.லி. அமிலம் எடுத்துக் குடுவையில் விடுக. ஆக்சாலிக் அமிலம் நச்சு. வாயால் உறிஞ்சாமல் ரப்பர் பல்பைப் பயன்படுத்துக. இரண்டு சொட்டு பினாப்தலீன் சேர்த்து, குடுவையைச் சுழற்றியபடி பியூரெட்டைத் திறக்கவும். வெளிர் இளஞ்சிவப்பு அரை நிமிடம் நிலைத்தால் அதுவே முடிவு நிலை. அடர்சிவப்பு வந்தால் எல்லை தாண்டிவிட்டது என்று பொருள்.

கணக்கு: ஒரு மோல் ஆக்சாலிக் அமிலத்துக்கு இரண்டு மோல் சோடியம் ஹைட்ராக்சைடு தேவை. பியூரெட் அளவு 19.6 மி.லி. என்றால், செறிவு = 2 × 0.1 × 10 ÷ 19.6 = 0.102 மோலார். 40ஆல் பெருக்கினால் லிட்டருக்கு 4.08 கிராம்.

ஒன்று சொல்ல வேண்டும். பக்கத்து மேசையில் 20.0 வந்ததென்று தன் 19.6ஐ அழித்து எழுதும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். மதிப்பெண் கிடைக்கலாம். ஆனால் நாளை குடிநீரையும் மருந்தையும் சோதிக்கப் போகிறவர்கள் இவர்களில்தான் இருக்கிறார்கள். அங்கே பார்த்து எழுதப் பக்கத்து மேசை இராது. அடுத்தடுத்த அளவுகள் ஒத்து வரும்வரை மீண்டும் செய்யுங்கள், வந்ததை எழுதுங்கள். பெற்றோர்களும் "எத்தனை மார்க்?" என்பதோடு "எத்தனை முறை செய்தாய்?" என்றும் கேளுங்கள்.

பயிற்சி: 0.05 மோலார் ஆக்சாலிக் அமிலக் கரைசல் 100 மி.லி. தயாரிக்க எத்தனை கிராம் வேண்டும்?

(விடை: 0.63 கிராம்)