கட்டியை நிறுத்தி வைக்கும் மாத்திரை

கேள்வி: அத்தைக்குக் கணையத்தில் நியூரோஎண்டோகிரைன் கட்டி. டாக்டர் எவரோலிமஸ் மாத்திரை கொடுத்திருக்கிறார். அது கட்டியைக் கரைத்துவிடுமா?

பதில்: பெரும்பாலும் கரைக்காது, வளர்ச்சியைத் தடுத்து வைக்கும். அதுவே பெரிய உதவிதான். செல்லுக்குள் எம்டார் என்றொரு புரதம் உண்டு. வெளியிலிருந்து வரும் வளர்ச்சிச் சமிக்ஞையையும் உள்ளே இருக்கும் சத்தையும் பார்த்து, செல் வளரலாமா என்று தீர்மானிப்பது அது. இவ்வகைக் கட்டிகள் பலவற்றில் எம்டாரை அடக்கும் பீட்டென், டிஎஸ்சி2 புரதங்கள் குறைந்துவிடுவதால் அது ஓயாமல் இயங்குகிறது. மாத்திரை பிடிப்பது அங்கேதான். 2011இல் வெளியான ஆய்வில், நோய் முற்றாமல் இருந்த காலத்தின் இடைநிலை அளவு வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 4.6 மாதம், எவரோலிமஸ் எடுத்தவர்களுக்கு 11 மாதம். பக்கவிளைவாக வாய்ப்புண் வரலாம், சர்க்கரை ஏறலாம். புதிதாக இருமலோ மூச்சிரைப்போ வந்தால் அன்றே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். நுரையீரல் அழற்சியாக இருக்கலாம்.