பூண்டிக்கு எந்தத் தூண்டில்?

திருத்தணிக்காரர்கள் நன்னீர் மீன் பிடிக்க நினைத்தால் மனதில் முதலில் வருவது பூண்டி. கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட சத்தியமூர்த்தி சாகர் அது. கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. அங்கே போன பிறகு முள்ளும் நரம்பும் வாங்கிக்கொள்ளலாம் என்று கிளம்பக் கூடாது. எதை எடுத்துப் போவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். அந்த முடிவு விலையைப் பார்த்து எடுப்பதல்ல, மீனின் வாயைப் பார்த்து எடுப்பது.

முதல் வேலை அனுமதி. நீர்த்தேக்கங்களிலும் ஏரிகளிலும் மீன்பிடி உரிமை பெரும்பாலும் குத்தகைக்கோ உரிமத்துக்கோ உட்பட்டது. மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போங்கள். பிச்சாட்டூர் ஆரணியாறு அணைக்குப் போவதென்றால் அது ஆந்திர எல்லைக்குள் இருக்கிறது. அங்கே தனியாகக் கேட்க வேண்டும்.

எந்த மீன்?

கட்லாவின் வாய் மேல்நோக்கித் திறக்கும். அது மேல்மட்டத்தில் மேயும். ரோகு நடுநீரில், மிருகால் அடியில். மூன்றுக்கும் தாடையில் பல் கிடையாது, உதடு மென்மையானது. சுண்டி இழுத்தால் உதடு கிழிந்து மீன் போய்விடும். இவற்றுக்கு வளைந்து கொடுக்கும் கழியும், சற்று நீளும் நைலான் நரம்பும், 6 அல்லது 8-ஆம் எண் முள்ளும் வேண்டும். எண் கூடக் கூட முள் சிறியது என்பதை நினைவில் வையுங்கள். ஜிலேபி மீனுக்கு 10-ஆம் எண்ணும் மண்புழுவும் போதும்.

விரால் வேறு வகை. எலும்பான வாய், கூர்மையான பல், பதுங்குவது பாசியிலும் கோரையிலும். அங்கே விறைப்பான கழியும், நீளாத பின்னல் நரம்பும், ரப்பர் தவளையும்தான் சரி. மெல்லிய நைலானில் விரால் மாட்டினால் செடிக்குள் புகுந்து அறுத்துக்கொண்டு போகும்.

எந்தக் கருவி?

கைத்தூண்டில்: விலை குறைவு, சட்டைப் பையில் அடங்கும், பழுதாக எதுவுமில்லை. ஆனால் பெரிய மீன் ஓடும்போது விட்டுப் பிடிக்கக் கையைத் தவிர வேறு வழியில்லை; நரம்பு விரலை அறுக்கும். பெரிய கட்லாவுக்கு இதை நம்ப வேண்டாம்.

மூங்கில் கழி: வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு தண்ணீர் கரைச்செடிவரை ஏறி நிற்கும்போது இதற்கு நிகரில்லை. தக்கையை மேலும் கீழும் நகர்த்தி, இரையை மீனின் மட்டத்தில் நிறுத்தலாம். நீளம்தான் தொல்லை. ரயிலில் திருவள்ளூர் போய், அங்கிருந்து பேருந்து பிடிப்பவருக்குச் சுமை. ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் கழியோடு பெட்டியில் ஏறவே முடியாது.

ரீல் பூட்டிய கழி: கோடையில் நீர் பின்வாங்கிக் கரை சேறாகும்போது, இரையைத் தொலைவில் வீச இது ஒன்றே வழி. மீன் ஓடினால் ரீல் தானாக நரம்பை விட்டுக்கொடுக்கும். 7 அடி நீளம், நடுத்தர விறைப்பு, 3000 அளவு ஸ்பின்னிங் ரீல் போதுமானது. நான்கு துண்டாகக் கழற்றும் வகை பைக்குள் அடங்கும். இரண்டு துண்டுக் கழியில் இணைப்புகள் குறைவு, விலையும் பெரும்பாலும் குறைவு. பேருந்தில் போகிறவர் முதலாவதை வாங்கட்டும், சொந்த வண்டி உள்ளவர் இரண்டாவதை.

என் தேர்வு

ஒன்றே ஒன்று வாங்க முடியுமென்றால் ரீல் கழி வாங்குங்கள். அதோடு இரண்டு ஸ்பூல் வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்றில் கட்லா போன்ற கெண்டை வகைகளுக்கு 10 பவுண்டு நைலான், மற்றொன்றில் விராலுக்கு 30 பவுண்டு பின்னல் நரம்பு. பின்னலில் சாதாரண முடிச்சு வழுக்கும். பாலோமர் முடிச்சைப் பழகிக்கொண்டு போங்கள். பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள், தண்ணீர் கரையேறிய மாதங்களில் மூங்கிலோடு போகலாம், ஜிலேபி ஏமாற்றாது.

எந்தக் கழியானாலும் குறடும் உதிரி முள்ளும் ஈயக்குண்டும் கட்டாயம். கெளுத்தியின் பக்கத் துடுப்பு முள் கையில் ஏறினால் கடுக்கும். குறடு இல்லாமல் தொடாதீர்கள். தூண்டில் முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறடால் அமுக்கிவிட்டால், விட வேண்டிய மீனை அதிகக் காயமின்றி விடலாம். செந்நிறக் குஞ்சுக் கூட்டம் தெரிந்தால் அருகே விரால் காவல் நிற்கிறது என்று பொருள். அங்கே தூண்டில் போடக் கூடாது. அறுந்த நரம்பைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்து வாருங்கள். பூண்டி நீர் சென்னை குடிக்கும் தண்ணீர்.